இரண்டு விரற்கடை குறைந்த கேபிள்

கணக்கு சாரின் கார் ஆறு வருடமாக மழையில் நனைந்துகொண்டிருந்தது. கார் நிற்க வேண்டிய கொட்டகையில் விமானம் நின்றது. இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். வரைபடப் புத்தகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, தகடு தகடாக அவரே கட்டியது.

"ஓடறது நனையுது, பறக்காதது காயுது" என்று எதிர்வீட்டு பஸ் டிரைவர் போகும்போதும் வரும்போதும் சொல்லிவிட்டுப் போவார். சாருக்குக் கோபமே வராது. "முதல் சவாரி உனக்குத்தான்ப்பா" என்பார். அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு டிரைவர் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்.

கணக்கு சார் என்பது பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பதால் வந்த பெயர். அவருடைய மனைவியும், அவர் ஏதாவது அடித்துப் பேசும்போது மட்டும், அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் முன்னறையில் தையல் மிஷின் போட்டு அக்கம்பக்கத்தாருக்குத் தைத்துக் கொடுப்பவள்.

அன்று சனிக்கிழமை, பள்ளிக்கு விடுமுறை. விமானத்தில் பெரிதாக மிச்சமிருந்தது ஒரே வேலைதான். விமானியின் கைப்பக்கத்தில் இருக்கும் த்ராட்டில் பிடியிலிருந்து இன்ஜினின் கார்புரேட்டர் வரை ஒரு கேபிள் போக வேண்டும். பிடியைத் தள்ளினால் வேகம் கூடும், இழுத்தால் குறையும். பார்ப்பதற்கு சைக்கிள் பிரேக் ஒயரின் அண்ணன் மாதிரி இருக்கும். தடித்த உறை, உள்ளே ஓடும் கம்பி, இரு முனையிலும் அழுத்திப் பிடித்த பூண். நகரத்தில் ஒரு கேபிள் பட்டறைக்கு அளவு எழுதி அனுப்பியிருந்தார். முந்தின நாள் கூரியரில் வந்துவிட்டது.

சார் வழக்கம்போலக் கண்ணை மூடி நாலு வார்த்தை பிரார்த்தனை செய்துவிட்டு வேலையைத் தொடங்கினார். கேபிள் இன்ஜின் தகட்டின் துளை வழியாகப் போனது, அடிப்பக்கம் வளைந்தது, கார்புரேட்டரை நோக்கி ஏறியது. அங்கே அதைப் பிடித்துக்கொள்ள ஒரு தாங்கி இருந்தது. தாங்கியைத் தொட இரண்டு விரற்கடை இருக்கும்போது கேபிள் நின்றுவிட்டது.

இழுத்துப் பார்த்தார். வளைவு ஒடிந்துவிடும் போல விறைத்துக்கொண்டது. உள்ளே போய்ப் பிடியைத் தள்ளினால் அது கல்லாய் இறுகியிருந்தது.

ஆறு வருடக் காத்திருப்பு மொத்தமும் அந்த இரண்டு விரற்கடையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் போனை எடுத்தார்.

"என்னப்பா, அளந்து வெட்டினீங்களா, கண்ணை மூடிக்கிட்டு வெட்டினீங்களா? ரெண்டு விரல் குறையுது! இது வண்டி இல்ல, ரோட்டுல நின்னா தள்ளிக்கிட்டுப் போக. மேல நின்னா யாரு வந்து தள்றது?"

பட்டறை முதலாளி இளைஞர். அப்பா போன பிறகு பட்டறையைப் பார்த்துக்கொள்பவர். அவர் குரல் பதறிவிட்டது.

"மன்னிச்சுக்குங்க சார். அப்பா காலத்துல இருந்து, இருபத்து மூணு வருஷமா, ஒரு அக்காதான் அளந்து வெட்டறாங்க. கண்ணு மங்கிப்போச்சோன்னு எனக்கே கொஞ்ச நாளா ஒரு சந்தேகம். அப்பா முகத்துக்காக ஒண்ணும் சொல்லாம இருந்தேன். இன்னியோட போதும்னு சொல்லிடறேன் சார். உங்களுக்கு வேற கேபிள் திங்கக்கிழமை கெளம்பிடும்."

"அது உங்க இஷ்டம்" என்று சொல்லி சார் போனை வைத்தார்.

திரும்பினால் மனைவி டீயோடு நின்றுகொண்டிருந்தாள். அளவு நாடா எப்போதும்போல் அவள் கழுத்தில் தொங்கியது.

"ஏங்க, தெருமுனை வரைக்கும் கேட்டுது. யாருக்குப் பூசை?"

"கேபிளைக் குட்டையா வெட்டி அனுப்பிட்டாங்க."

"அளந்து பாத்தீங்களா?"

"எதை?"

"வந்த கேபிளைத்தான்."

சார் திரும்பிப் போய்க் கேபிளைக் கழற்றி எடுத்தார். அவர் எழுதிய எண்ணை அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. அதனால் கேபிளை அளக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அவள் டம்ளரை இறக்கையின் மேல் வைத்தாள். இன்னொரு நாளாக இருந்தால் அதற்கே ஒரு சண்டை வந்திருக்கும். கழற்றிய கேபிளை மேசையில் நீட்டி, நாடாவை வைத்து, இரண்டு தடவை பார்த்தாள்.

"நூத்தி இருபத்தாறு சென்டிமீட்டர். மயிரிழை கூட வித்தியாசம் இல்ல."

பட்டறைக்கு எழுதி அனுப்பிய அளவின் நகலாகச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த சீட்டை சார் பார்த்தார். அவருடைய கையெழுத்து, கோடு போட்டதுபோல் நேரான எண்கள். 126.

"எதை வச்சு அளந்தீங்க?"

"உன் தையல் நூலை வச்சுத்தான். புத்தகத்துல ஒரு தடியான ரப்பர் குழாயை வளைச்சு வச்சு அளக்கச் சொல்லியிருக்கான். குழாய் அங்க இங்க நெளியும், அளவு தப்பும். நூல்னா இழுத்துப் பிடிச்சா நேரா நிக்கும். துல்லியமா வரும்னு..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கணக்கு சாரே! நூல் மூலைக்கு மூலை மடிஞ்சு குறுக்கு வழியில போகும். இவ்வளவு தடியா இருக்கறது மடியுமா? சுத்தி வளைஞ்சுதானே போகும்? அதுவும் இல்லாம, உங்க இன்ஜின் ரப்பர் துண்டு மேலதானே உக்காந்திருக்கு? ஓடறப்ப ஆடாதா? நான் சட்டைக்கு அளவெடுத்தா கையைத் தூக்கச் சொல்லுவேன், உக்காரச் சொல்லுவேன். மூச்சு விட இடம் வைக்காம தைச்சா அக்குள்ல பிரிஞ்சிடும்."

சார் இன்ஜினைப் பார்த்தார். பிறகு நூல்கண்டைப் பார்த்தார். புத்தகக்காரனைவிடத் தனக்குக் கூடுதலாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்ட அந்தச் சாயங்காலம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

அவள் சிரிப்பு நின்றது. "அப்ப அந்த அக்கா?"

அவர் போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். அதே கதை. திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று மனம் மெல்ல எடுத்துக்கொடுத்தது. எப்படியும் புதுக் கேபிள் வரப்போகிறது, அதற்குள் சரியான அளவை அனுப்பிவிட்டால் போதும், யார் தப்பு என்று யார் கேட்கப்போகிறார்கள்? தப்பு செய்தவனுக்கு மனம் எப்போதும் இப்படித்தான் நாற்காலி எடுத்துப் போடும். அதில் உட்காராமல் எழுந்துவிடுவதற்குத்தான் தெய்வத்தின் துணை வேண்டியிருக்கிறது.

பட்டறை சனிக்கிழமை இரண்டு மணிக்கு மூடிவிடும். மணி ஒன்றே கால் ஆகியிருந்தது.

"நேர்லயே போயிட்டு வந்துடறேன்" என்று கேபிளையும் சீட்டையும் எடுத்துக்கொண்டார்.

அவள் தன் கழுத்து நாடாவை எடுத்து அவர் கழுத்தில் போட்டாள். கார் இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

பட்டறை ஒரு நீளமான தகரக் கூடம். சுவர் முழுக்கக் கேபிள் சுருள்கள், தரையில் எண்ணெய்க் கறை. கடைசி ஜன்னலுக்குப் பக்கத்தில், பித்தளை அளவுகோல் பதித்த ஒரு மேசை. அதன் முன்னால் நின்று ஒரு பெண்மணி பை கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கூடு, சாப்பாட்டு டப்பா, முக்காலியில் போட்டிருந்த சின்னத் தலையணை, பூண்களை இறுக்கும், பிடி வழவழத்துப்போன ஒரு கை அழுத்தி. மற்ற வேலையாட்கள் தங்கள் வேலையையே பார்ப்பதுபோல் குனிந்திருந்தார்கள்.

முதலாளி ஓடி வந்தார். "சார், எதுக்கு சார் இவ்வளவு தூரம்? நான்தான் அனுப்பறேன்னு..."

"இந்தக் கேபிளை வெட்டின அக்கா இவங்கதானா?"

"ஆமா சார். சொல்லியாச்சு."

அந்த அம்மாள் திரும்பினார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கண் கலங்கியிருந்தது, ஆனால் கோபம் இல்லை. "தப்பா எடுத்துக்காதீங்க சார். ரெண்டு தடவை பாத்துத்தான் வெட்டினேன். எனக்கே தெரியாம கண்ணு ஏமாத்திடுச்சு போல. வானத்துல போற சாமான்னு தெரியும். ராத்திரி பூரா எதையும் யோசிக்காம தூங்கிட்டேனேன்னு இப்பத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

சாருக்கு அதுதான் சுட்டது. வேலை போனது ஒரு பக்கம். இருபத்து மூன்று வருடம் மில்லிமீட்டர் பார்த்த கண்ணை, ஒரு போனில், அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரியே நம்பாமல் ஆக்கிவிட்டார்.

கழுத்து நாடாவைக் கழற்றி, கேபிளோடு சேர்த்து அவர் மேசைமேல் வைத்தார்.

"நீங்களே அளந்து சொல்லுங்கம்மா. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

அந்த அம்மாள் பையைப் பிரித்துக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நாடாவை ஒதுக்கிவிட்டுப் பித்தளை அளவுகோலில் கேபிளைக் கிடத்தினார்.

"நூத்தி இருபத்தாறு" என்றார், சந்தேகத்தோடு. மறுபடி குனிந்தார். "நூத்தி இருபத்தாறுதான் சார்."

சார் தன் சீட்டை எடுத்து முதலாளியின் கையில் கொடுத்தார். "நான் கேட்டது எவ்வளவு, படிங்க."

முதலாளி படித்தார். "நூத்தி இருபத்தாறு."

"தப்பு என்னுது. நூலை இழுத்துப் பிடிச்சு அளந்துட்டேன். வந்ததும் ஒரு தடவை அளந்து பாக்கவும் இல்ல. சரிபாக்காம விடையைச் சொல்லாதேன்னு முப்பது வருஷமா பிள்ளைங்ககிட்ட கத்தறவன் நான். அம்மா, உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. என் வாய்லதான் இருந்துது. மன்னிச்சுக்குங்க."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். குனிந்திருந்தவர்களில் யாரோ, "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். "நெனச்சே, வாயத் தொறந்தியா?" என்றார் இன்னொருவர்.

முதலாளி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அவரும் அளந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். மேசைமேல் இருந்த பையைத் திறந்து, தலையணையை எடுத்து முக்காலியில் தன் கையாலேயே போட்டார்.

"அக்கா, உக்காருங்க. அப்பா இருந்திருந்தா என்னைத்தான் வெளிய அனுப்பியிருப்பாரு."

"அதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்டிருப்பாரு தம்பி" என்றார் அந்த அம்மாள். அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சார் கிளம்பும்போது அந்த அம்மாள் கூப்பிட்டார். "சார், இந்தத் தடவை நம்பர் எழுதி அனுப்பாதீங்க. ஒரு முனையில மட்டும் பூண் அழுத்தி, நீளமா ஒரு கேபிள் கொண்டுவரேன். எஞ்சின்ல போட்டுப் பாத்து, அங்கயே வெட்டி, அங்கயே அடுத்த முனையை அழுத்திடலாம். நாளைக்கு லீவுதானே? வரட்டுமா?"

"திட்டினவன் வீட்டுக்கா?"

"கேபிள் சரியா உக்காரணும் சார். அதுக்குத் திட்டு வாங்கினது, வாங்காததெல்லாம் தெரியாது."

மறுநாள் காலையில் கை அழுத்தியோடு அந்த அம்மாள் வந்தார். சாரின் மனைவி முதலில் டீ கொடுத்தாள், பிறகுதான் கொட்டகைக்குள் விட்டாள். இரண்டு பேரும் இன்ஜின் பக்கம் குனிந்து நிற்க, சார் அதைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார். அது எவ்வளவு ஆடுகிறது என்று அந்த அம்மாள் விரலால் குறித்துக்கொண்டார். ஓடும்போது சூடேறும் புகைக்குழாயிலிருந்து கேபிளைத் தள்ளி, அகலமாக ஒரு வளைவு விட்டுக் கொண்டுபோனார்.

"இங்க கொஞ்சம் லூசு வைக்கலாமா?" என்றாள் மனைவி.

"வைக்கணும். ரொம்ப வச்சா குழாயில உரசிடும்."

"ரொம்ப வச்சா தொளதொளன்னு நிக்கும்னு சொல்லுங்க."

வெட்டியபோது நூற்று முப்பத்து மூன்று வந்தது. சார் அளந்தார். மனைவி அளந்தாள். அந்த அம்மாள் அளந்து, தலையாட்டி, பூணை அழுத்தினார்.

விமானத்தை வாசலுக்குத் தள்ளி, வாலைக் கொட்டகைத் தூணில் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். சார் ஏறி உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைக் காட்டினார்.

"நீங்க வாங்கம்மா. நீங்க செஞ்சதை நீங்களே தள்ளிப் பாருங்க."

"ஐயையோ, பறந்துடாதே?"

"இன்னிக்குக் கேட்டுக்கு வெளிய கூடப் போகாது."

எதிர்வீட்டு டிரைவர் தன் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஒருமுறை உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அந்த அம்மாள் உதட்டுக்குள் ஏதோ பிரார்த்தனையை முணுமுணுத்தபடி பிடியைத் தள்ளினார். அது வெண்ணெயாக நகர்ந்தது. சத்தம் ஏறியது, கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ரப்பர்களின் மேல் இன்ஜின் குலுங்க, கேபிளின் வளைவு அதோடு சேர்ந்து விரிந்து சுருங்கியது. பிடி மட்டும் அவர் கைக்குள் அசையாமல் நின்றது.

பக்கவாட்டில் எட்டி நின்று வளைவையே பார்த்துக்கொண்டிருந்த மனைவி, சத்தத்துக்கு மேல் கத்தினாள்: "மூச்சு விடுதுங்க!"

அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பிடியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தார். இன்ஜின் அவர் சொன்ன பேச்சைக் கேட்டு அடங்கியது.