மெழுகு கிளறிய குச்சி

எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். திருப்பதியில் வீணை ரிப்பேர் என்றால் திருவேங்கடம்தான் என்ற திமிர் வேறு. இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கிடாரைக் கெடுத்தன.

ஆந்திரா தனி ஸ்டேட் ஆக இரண்டு வாரம் இருந்தது. ரேணிகுண்டா நாகேந்திரன் கிடாரைப் பெட்டியோடு தூக்கிவந்தான். அவன் அப்பா நாகையா ரயில்வே ஷெட்டில் தச்சர். வெள்ளைக்கார டிரைவர் ஒருவரின் கிடாரைப் பார்த்து, முப்பது வருஷத்துக்கு முன் தன் கையாலேயே செய்தது அது. நாகையாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கிடாரின் முதுகுப் பலகை ஒட்டு விட்டிருந்தது.

“ஒட்டிக் குடுத்தா போதும்ணா. வர்ற புதங்கெழம மெட்ராஸுல சினிமா ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆள் எடுக்கறாங்க. ஸ்டேட் பிரிஞ்சிட்டா வெளி ஆளுன்னு தள்ளிடுவாங்க. இத உட்டா எனக்கு வேற வழியில்ல” என்றான்.

ஒட்டியதோடு விட்டிருக்கலாம். காய்ந்ததும் மீட்டிப் பார்த்தேன். கழுத்தில் குறுக்கே பதித்த ஒவ்வொரு மெட்டுக் கம்பியிலும் சுருதி மயிரிழை விலகி நின்றது.

“செஞ்சவனுக்குக் காது செவிடு போல” என்று பக்கத்துக் கடை ரங்கையாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

“நீக்கெந்துக்குப்பா, ஒனக்கெதுக்கு அது? ஒட்டச் சொன்னா ஒட்டிக் குடு” என்றார் அவர்.

கேட்டேனா? வீணையில் மெழுகு போட்டு, மெட்டுகளை ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு நகர்த்தி வைப்போம். மேளம் கட்டுவது என்று அதற்குப் பெயர். கிடாருக்கும் மேளம் கட்டினேன். மெட்டுக் கம்பிகளைப் பிடுங்கி, கழுத்துப் பலகையைச் சீவி அவை பதிந்திருந்த பள்ளங்களை வழித்துவிட்டு, மெழுகின் மேல் என் காது சொன்ன இடத்தில் வைத்தேன். மூன்று நாள் ஆனது.

திங்கட்கிழமை காலை நாகேந்திரன் வந்தான். ஒற்றைத் தந்தியில் வாசித்தபோது நன்றாகவே இருந்தது. பிறகு நாலு தந்தியைச் சேர்த்து மீட்டினான். எனக்கே பல் கூசியது. வீணையில் ஒரு நேரத்தில் ஒரு சுரம் பேசும். கிடாரில் எல்லாம் சேர்ந்து பேச வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு சுரத்தையும் தெரிந்தே துளி விட்டுக்கொடுத்து வைத்திருந்தது. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஒங்க நைனாவுக்குக் காது கொஞ்சம்...” என்று இழுத்தேன், தப்பித்துக்கொள்ளத்தான்.

“அவருக்குக் காதே கேக்காதுணா. ஷெட்டுல ரிவிட் அடிக்கற சத்தத்துல போயிடுச்சி. தாடைய மரத்துல வெச்சிக்கினு அதிர்வ பாத்துதான் செஞ்சாரு. மெட்டுக்கெல்லாம் அந்த தொர கிடாருலருந்து அளவெடுத்து, ஒரு குச்சியில கோடு போட்டு வெச்சாரு. பெட்டியிலதான் இருக்கும். அத வெச்சி நாளைக்குள்ள மாத்திடலாமில்ல?”

குச்சி எங்கே என்று எனக்குத் தெரியும். மெழுகு கிளற ஏதாவது அகப்படுமா என்று தேடியபோது அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்தேன். அடுப்போரம் டப்பாவில் கறுப்பாக நின்றுகொண்டிருந்தது.

“பெட்டியில ஒண்ணும் இல்லியேப்பா” என்றேன்.

அவன் துளிகூடச் சந்தேகப்படவில்லை. வீட்டில் தேடுகிறேன் என்று கிடாரோடு கிளம்பினான். வெட்கத்தில் என்னால் வாசல்வரைகூடப் போக முடியவில்லை.

குச்சியை வெந்நீரில் போட்டுச் சுரண்டினேன். ஒரு கோடுகூட அழியவில்லை. அத்தனையும் நாகையா கத்தியால் ஆழமாகக் கீறியிருந்தார். செவ்வாய்க்கிழமை முழுசாக இருந்தது. ரேணிகுண்டா ஆறே மைல். போயிருந்தால் சாயங்காலத்துக்குள் பள்ளம் அறுத்துச் சரிசெய்திருக்கலாம். ஆனால் எங்கே கிடைத்தது என்று கேட்பானே. சட்டையை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். கடையை விட்டு நகரவில்லை.

மெட்ராஸில் அவன் வாசிப்பை இரண்டு நிமிஷம்கூடக் கேட்கவில்லையாம். அடுத்த வாரம் ஸ்டேட் பிரிந்தது. ஊரெல்லாம் தோரணம். அன்றைக்குத்தான் நாகேந்திரன் கடைக்கு வந்தான்.

“ஒங்க மேல ஒண்ணும் தப்பில்லணா. வீடு பூரா தேடிட்டேன். நைனா பொருள நான்தான் பத்திரமா வெச்சிக்கல” என்றான். கண் கலங்கியிருந்தது.

குச்சி என் மேஜை டிராயரில் இருந்தது. டிராயர் மேல்தான் என் கை இருந்தது.

“பத்திரமா வெச்சிருக்கணும்பா” என்றேன்.