நாற்பத்தோராம் வாரத்துக் கடல்

ஒவ்வொரு வருஷமும் நாற்பத்தோராம் வாரத்தில் கடல் மலை ஏறி வந்து, ஒரு ஓட்டலின் மூன்றாம் மாடிக் கடைசி அறை ஜன்னலுக்குக் கீழே வாரம் முடிகிறவரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. அந்த மலையிலிருந்து கடலுக்குப் பஸ்ஸில் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். பக்கத்து அறைக்காரர்களுக்கு எப்போதும்போலத் தண்ணீர்த் தொட்டியும் கார் நிறுத்துகிற இடமும்தான் தெரிந்தன. கடைசி அறையில் மட்டும் அலைச் சத்தம், உப்புக் காற்று, ஜன்னல் விளிம்பில் ஈரம். அறையைப் பெருக்க வந்த பெண் முதல் வருஷம் கிளிஞ்சல்களைப் பார்த்துத் திகைத்தாள்; மறு வருஷம் அதற்கென்று தனி வாளி கொண்டுவந்தாள். ஓட்டல்காரர்கள் அவளைவிடக் கெட்டிக்காரர்கள். பராமரிப்புக் கட்டணத்தில் ‘கடல்’ என்று ஒரு வரியைச் சேர்த்து, வருஷா வருஷம் அதை ஏற்றிக்கொண்டே போனார்கள்.

அந்த அறை, அந்த ஒரு வாரத்துக்கு மட்டும், சாவிக்காரம்மாவுக்குச் சொந்தம். டைம்ஷேர் என்பார்கள், மிச்ச வாரங்களில் வேறு யார் யாருக்கோ. பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் வெளியே நிற்கவேண்டிய கடையில் சாவி வெட்டுகிறவர் அவர். பூட்டிய வீட்டைத் திறந்து கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு பார்வைகூடப் பார்க்காமல் திரும்பி நடக்கிற மனுஷி. அப்பேர்ப்பட்டவர் டைம்ஷேர் வாங்கியது வீட்டுக்காரரால். தையல்காரர், பாவம், இலவசமாக மதியச் சாப்பாடு போட்டு ஒரு சூட்கேஸும் கையில் கொடுத்த ஆளிடம் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர். கடல் தெரிகிற அறை, ஆயுசுக்கும் உங்களுக்கு, உங்களுக்கு அப்புறம் பிள்ளைகளுக்கு என்று படம் காட்டித் தலையில் கட்டிவிட்டான்.

முதல் முறை போய் ஜன்னலைத் திறந்தால் தொட்டி. தையல்காரருக்கு முகம் செத்துவிட்டது. சாவிக்காரம்மா சண்டை போடவில்லை. நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு மேனேஜரைக் கூப்பிட்டனுப்பினார். “கடல் தெரியும்னு எழுதித்தானே கையெழுத்து வாங்கினீங்க? வரட்டும், நான் இருக்கேன்.” மேனேஜர் சிரித்துக்கொண்டே போனார். மூன்றாம் நாள் டீ குடிக்கிற நேரத்தில் கடல் வந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த மேனேஜர், திறந்த வாயை மூட மறந்து நின்றார். “லேட்டானாலும் வந்துடுச்சு, கோவிச்சுக்காதீங்க” என்றார் சாவிக்காரம்மா, ஏதோ வீட்டு ஆளுக்காகப் பரிந்து பேசுகிற மாதிரி. என்ன ஒரு நெஞ்சழுத்தம் பாருங்கள்!

அப்புறம் அதற்கு வழி பழகிவிட்டது. மகள் அந்த ஜன்னலிலிருந்து இறங்கித்தான் நீச்சல் கற்றாள். மகன் அலைக்குப் பயந்து கட்டிலடியில் ஒளிந்தான், பிறகு கட்டிலுக்கு வந்தான், பிறகு அவனைத் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்து வருவதே பெரும்பாடானது. மகள் பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தாள், மகன் லிஃப்ட் ரிப்பேருக்குப் போனான், இரண்டு கல்யாணம் நடந்தது, தையல்காரர் ஒரு மழைக்காலத்தில் காலமானார். அந்த வருஷம் சாவிக்காரம்மா தனியாகப் போனபோது, அவர் அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே கடல் வந்து நின்றிருந்தது. அன்றைக்குத்தான், வீட்டுக்காரர் போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார்.

எழுபது தாண்டியதும் உயில் எழுத வக்கீலிடம் போனார். வீடு, கடை, சாவி வெட்டுகிற மிஷின் எல்லாம் ஒரு பக்கத்தில் முடிந்தது. ஓட்டல் வாரம் என்றதும் வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். “இது சொத்து இல்லம்மா, வருஷா வருஷம் கட்டணம் கேக்கிற வாய். எழுதி வெச்சா பிள்ளைங்க தலையில விழும். பேசாம ஓட்டலுக்கே திருப்பிக் கொடுத்துடுங்க.” சாவிக்காரம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. எழுதினால் பிள்ளைகளுக்குச் சுமை. எழுதாவிட்டால் பிள்ளைகளுக்குக் கடல் இல்லை. கேட்டுப் பார்த்தார். மகள் “குடும்மா” என்றாள், அந்த வாரம் லீவு கிடைக்காது என்பதை விழுங்கிக்கொண்டு. மகன் “நான் எடுத்துக்கறேன்” என்றான், சொல்லும்போதே கட்டணத்தை மனசுக்குள் பன்னிரண்டால் வகுத்துக்கொண்டு. ரெண்டும் தன் முகத்துக்காகச் சொல்கிறதுகள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

சரி, கடல் இதுகளுக்கு வருகிறதா என்றாவது பார்ப்போம் என்று, அந்த வருஷம் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தான் கடையில் இருந்துகொண்டார். இரண்டாம் நாள் மகன் போன் செய்தான். “தொட்டிதான்மா தெரியுது. தொட்டியும் நல்லாத்தான் இருக்கு.” மூன்றாம் நாளும் தொட்டி. கடலைத் தன்னோடு கொண்டுபோய்விட்டு, கட்டணத்தை மட்டும் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டுப் போகப்போகிறோமே என்ற நினைப்பில் வெட்டிய சாவி இரண்டு பாழாயிற்று. இத்தனை வருஷத்தில் அவர் கையில் சாவி பாழானது அப்போதுதான்.

நான்காம் நாள் காலை கடல் தெருவுக்கு வந்தது. மலையில் ஆளைக் காணாமல் தேடி, ஊர் ஊராக விசாரித்து வந்ததுபோல் களைத்திருந்தது. பஸ் நிலையத்தைச் சுற்றி, வரிசையில் நின்றவர்களை நனைக்காமல் ஒதுங்கி, சாவிக் கடைப் படியருகே வந்து படுத்துக்கொண்டது. சாவிக்குக் காத்திருந்த ஒருவர் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். “அடப்பாவி, இவ்வளவு தூரமா வந்தே?” என்றார் சாவிக்காரம்மா, அவரிடம் அல்ல.

அடுத்த வாரமே ஒப்பந்தத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். ஓட்டல்காரர்கள் குதித்தார்கள், கடல் அறையோடு சேர்ந்தது, அதைக் கூட்டிக்கொண்டு போனது தப்பு என்றார்கள். “அறையை நீங்களே வெச்சுக்குங்க. கடல்கிட்ட நான் ஒண்ணும் எழுதி வாங்கலையே” என்றார். ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டார்கள். அப்படியானால் கடலையாவது உயிலில் சேர்க்கட்டுமா என்று கேட்டார் வக்கீல், ஆசையாகவே. சாவிக்காரம்மா தலையாட்டி மறுத்தார். “தானா வருது, தானா போகுது. அதை எழுதிக் கொடுக்க நான் யாரு?”

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்த வாரத்தில் அந்தத் தெரு உப்பு மணத்தது. ஒரு கோடையில், மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வீடு மகளுக்கு, கடை மகனுக்கு என்று உயிலில் இருந்தபடியே ஆயிற்று. கடல் அம்மாவோடு போய்விட்டது என்று இரண்டு பேரும் தனித்தனியாக மனசைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தோராம் வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் தன் வீட்டு ஜன்னலைத் திறந்தாள். கடல் நின்றிருந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து “அம்மா, அம்மா” என்று அழுதாள். குழந்தைகள் அவளைத் தாண்டித் தண்ணீருக்குள் குதித்தன. சேதி கேட்ட வக்கீலுக்கு ஆச்சரியமே இல்லை. உயிலில் எழுதாமல் விட்டது பிள்ளைகளுக்குச் சமபாகமாகத்தான் போகும், அதுதான் சட்டம் என்றார். அப்படியேதான் நடந்தது. புதன்கிழமை நடுப்பகலில் அலைகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. மகள் தம்பிக்குப் போன் போட்டாள்.

“இங்கேருந்து கிளம்பிடுச்சுடா. வீட்டுல ஆள் இருக்கீங்களா?”

“எல்லாரும் இருக்கோம்க்கா” என்றான் அவன். “லீவு போட்டுட்டேன்.”