அண்ணன் சொன்ன நிறம்

நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை அது. ஒரு கதவை மட்டும் புதிதாக அடித்தாலும், எது பழசு எது புதுசு என்று வண்டிக்காரனே திணற வேண்டும். அப்படி நிறம் கலக்குகிறவள் தங்கை. பட்டறை அண்ணனுடையது. போர்டில் இருப்பது அண்ணன் பேர். வண்டி கொண்டு வருகிறவர்கள் நம்பி வருவது தங்கையின் கண்ணை. கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

அண்ணனைக் கெட்டவர் என்று எவரும் சொல்லிவிட முடியாது. குரலை உயர்த்த மாட்டார். அவள் புருஷன் அவளை விட்டுவிட்டுப் போனபோது, "நான் இருக்கும்போது நீ ஏம்மா கலங்கறே?" என்று பட்டறைக்குக் கூட்டி வந்தவர் அவர்தான். மத்தியானம் டீயை அவரே ஆற்றி அவள் கையில் கொடுப்பார். பேச்சில் தேன் ஒழுகும். அந்தத் தேனில்தான் அவள் கால் ஒட்டிக்கொண்டது.

அவள் வேலை செய்யும் விதம் கறாரானது. கலந்த பெயிண்டை ஒரு வெள்ளைத் தகரத் துண்டில் அடிப்பாள். காய்ந்த பிறகு வெயிலில் கொண்டுபோய் வண்டியோடு ஒட்ட வைத்து, நேராகவும் சாய்த்தும் பார்ப்பாள். கோடு தெரியாவிட்டால்தான் டப்பாவை அண்ணனிடம் கொடுப்பாள். வண்டிக்கு அடிப்பது அண்ணன்.

ஒருநாள் ஒரு சாம்பல் நிற வண்டியின் கதவு மட்டும் மங்கலாக வந்து நின்றது. வண்டிக்காரர் குதித்தார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பு என் மேலதாங்க. அவளை ஒண்ணும் சொல்லிடாதீங்க, பாவம்" என்றார். அதுவரை யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை, அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதற்கப்புறம் எல்லாரும் திரும்பினார்கள்.

"தகரத்துல சரியா இருந்துச்சேண்ணே" என்றாள் அவள்.

"சரியா இருக்கற மாதிரி உனக்குத் தோணியிருக்கும்மா. விடு, நான் பாத்துக்கறேன்."

பிறகு அடிக்கடி அப்படி ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் அண்ணன் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதுவும் நாலு பேர் நிற்கும்போது, பெருமூச்சோடு. கண் டாக்டரிடமும் அவரே கூட்டிப் போனார். டாக்டர் ஒரு குறையும் இல்லை என்றார். வெளியே வந்ததும் அண்ணன், "எழுத்தைப் படிச்சுட்டா ஆச்சா? அவருக்குப் பெயிண்டைப் பத்தி என்ன தெரியும்? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், நீயும் மூச்சு விடாதே" என்றார். இல்லாத நோய்க்கு ரகசியம் காத்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தாள். முன்னெல்லாம் "இது பச்சை கூடிப்போச்சு" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறவள், "பச்சை கூடின மாதிரித் தோணுது, நீங்க பாருங்கண்ணே" என்றாள். புடவைக்கு இந்த ரவிக்கை பொருந்துமா என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்டாள். அப்புறம் குழம்பில் உப்பு சரியா என்றும் கேட்டாள். கண்ணை நம்பாதவள் நாக்கை மட்டும் எப்படி நம்புவாள்?

இந்த நிலையில்தான் வேறொரு பெரிய பட்டறையை நடத்தும் அம்மா ஒருத்தி ஒரு நாள் வந்தாள். அவள் வாங்கிய பழைய கார் ஒன்று இங்கே பெயிண்ட் அடித்தது. "எந்தக் கதவை மாத்தி அடிச்சாங்கன்னு என் ஆளுங்களாலேயே கண்டுபிடிக்க முடியல. கலர் கலக்கற வேலை மொத்தத்தையும் எங்க பட்டறையில நீங்க பாத்துக்குங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்" என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிரவு தங்கை கண்ணாடியில் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தனக்கென்று ஒரு வாழ்க்கை மிச்சமிருக்கிறது என்று நினைக்கவே பயமாக இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

அண்ணனிடம் சொன்னாள். அவர் முகம் மாறவே இல்லை. "தாராளமா போம்மா. நான் தடுப்பேனா? அங்க ஒரு வண்டி கெட்டுப்போனா, தப்பு என் மேலன்னு சொல்ல உனக்கு யார் இருப்பா, அதான் யோசனை."

மறுநாள் ஒரு சிவப்பு வண்டி. கலந்தாள், தகரத்தில் அடித்தாள், வெயிலில் வைத்துப் பார்த்தாள். கோடு தெரியவில்லை. டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனவள், மறந்து வைத்த துணியை எடுக்கத் திரும்பி வந்தாள். பெயிண்ட் அடிக்கும் அறையின் திரை விலகியிருந்தது. அண்ணன் வேறொரு டப்பாவைச் சாய்த்து அவள் சிவப்பில் ஊற்றினார். கறுப்பு. நிதானமாகக் கலக்கினார்.

பக்கத்தில் தகடு தட்டிக்கொண்டிருந்த பெரியவர் சுத்தியலை நிறுத்தினார். "இப்பவாவது பாத்தியாம்மா? நான் ரொம்ப நாளா பாக்கறேன். எனக்கும் வயிறு இருக்கே, வாயைத் தொறக்கல" என்றார் மெதுவாக.

வேறொருத்தியாக இருந்தால் பட்டறையை இரண்டாக்கியிருப்பாள்; அல்லது ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பாள். இவள் உள்ளே போய் அவரிடமே கேட்டாள்.

"அண்ணே, அதுல கறுப்பு ஊத்தினீங்களா?"

அண்ணன் திடுக்கிடவில்லை. மனசு நொந்தவர் போல அவளைப் பார்த்தார். "கறுப்பாம்மா? இது கருநீலம். நீ கலந்த சிவப்பு மஞ்சளடிச்சுது. யாரும் பாக்கறதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு பாத்தேன். இதுகூடவா உனக்குத் தெரியல?"

ஒரு புதுக் குச்சியை, தான் ஊற்றிய அந்த டப்பாவில் முக்கி அவள் முன்னால் நீட்டினார். "சரி, நீயே சொல்லு. கறுப்புன்னு அடிச்சுச் சொன்னா, இப்பவே நான் உன்னை அந்தம்மா பட்டறையில கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

ஒரு சொட்டு அவள் விரலில் விழுந்தது. கருநீலமும் டப்பாவில் கறுப்பாகத்தான் தெரியும். மெல்லிசாக இழுத்தால்தான் நீலம் எட்டிப் பார்க்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். வெள்ளைத் தகரம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. ஒரே ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

கறுப்பாக இருந்தால், சோறு போட்ட அண்ணன் இத்தனை வருஷமாகத் தன் கண்ணைப் பிடுங்கிக்கொண்டிருந்தார் என்று ஆகிவிடும். நீலமாக இருந்தால், கண் போனது நிஜம். கண் போனதைத் தாங்கிக்கொள்ள அவள் பழகியிருந்தாள். மற்றதைத் தாங்க யாரும் பழக்கவில்லை. விரலைப் பார்க்காமலேயே துணியில் துடைத்தாள்.

"நீங்களே சொல்லுங்கண்ணே."

"நீலம்."

"ஆமாண்ணே, நீலம்தான். என்னமோ புத்தி கெட்டுக் கேட்டுட்டேன்."

வெளியே பெரியவர் மறுபடி தட்டத் தொடங்கினார். அவள் வாசலுக்குப் போய்ப் பெரிய பட்டறைக்காரம்மாவுக்குப் போன் செய்தாள்.

"நான் வரலைங்க. எனக்குக் கண்ணு சரியில்ல. கலர் தெரியறதில்ல."

அந்தம்மா சொன்னாள், "உங்க அண்ணன் காலையிலயே போன் பண்ணி இதைத்தான் சொன்னார். உங்களை விடக்கூடாதுன்னு கதை விடறார்னு நினைச்சு நான் நம்பல. நீங்களே உங்க வாயால சொல்றீங்க, இனிமே நான் என்ன சொல்ல? உடம்பைப் பாத்துக்குங்க."

அண்ணன் போன் செய்த நேரத்தில் அவள் அந்தச் சிவப்பைக் கலக்கவே தொடங்கியிருக்கவில்லை. அந்தக் கணக்கு அவள் மனசில் ஓடவில்லை. சொல்ல நான் கூச்சப்படுவேன் என்று அண்ணன் முன்னாடியே சொல்லி வைத்திருக்கிறாரே என்றுதான் நினைத்தாள்.

உள்ளேயிருந்து அண்ணன், "சொல்லிட்டியாம்மா?" என்றார்.

"சொல்லிட்டேண்ணே" என்றாள். அவர் முகத்தைப் பார்த்து நன்றி சொல்வதற்காக உள்ளே போனாள்.