உரிமம் பழுதான பாடல்கள்

திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்கு வெங்கடநாராயணன் மோர்சாதத்தைக் குழையப் பிசைந்து வைத்தார். மனைவியின் கட்டிலில் தலைப்பக்கத்தை உயர்த்தினார். கணினியில் முதல் பாடலைச் சொடுக்கினார். பாடல் ஒலிக்கவில்லை. அதற்கான உரிமம் பழுதடைந்துள்ளது என்று திரையில் ஆங்கில வரியொன்று தோன்றியது. அடுத்த பாடலுக்கும் அதே வரி. நாற்பத்திரண்டு பாடல்களுக்கும் அதே வரி.

பக்கவாதம் தாக்கியது முதல் ஜெயலக்ஷ்மி பேசுவதில்லை. வங்காளத் தலைநகரில், லேக் கார்டன்ஸின் அந்த இரண்டாம் மாடி வீட்டில் இருந்தவர்கள் இருவர், குரல் ஒன்றுதான். ஆயினும் அப்பாடல்கள் ஒலித்தால் ஜெயலக்ஷ்மி வாய் திறப்பார். இல்லையேல் பற்களை இறுக்கிக்கொள்வார். எட்டு மாதங்களாக அவர் உண்டது பாட்டோடுதான்.

பணி ஓய்வு பெற்ற ஆண்டில் இணையக் கடையொன்றில், உரிய விலை கொடுத்து, வெங்கடநாராயணன் ஒவ்வொன்றாகப் பதிவிறக்கிய பாடல்கள் அவை. அவற்றுக்கான மின்னணு உரிமங்கள் கணினியினுள் மறைவான ஒரு கோப்புறையில் இருந்தன. அது கெட்டால், பாடல் இருந்தும் ஒலிக்காது. கெடுத்தவன் மகன் குருபிரசாத். முந்தின நாள் அதே நகரின் மறுகோடியான நியூ டவுனிலிருந்து வந்தவன், “ரொம்ப ஸ்லோவா இருக்கேப்பா” என்று துப்புரவுச் செயலி ஒன்றை ஓடவிட்டுக் கிளம்பிவிட்டான். கீழே டாக்ஸி காத்திருந்தது. தாயின் அறையில் அவன் இருந்தது பதினைந்து நிமிடங்கள்.

வெங்கடநாராயணன் அவனைக் கைப்பேசியில் அழைத்தார்.

“மீட்டிங்ல இருக்கேன்பா. சீக்கிரம் சொல்லுங்கோ.”

“பாட்டு வரலைடா. லைசென்ஸ் கெட்டுப்போச்சுங்கறது. அம்மா சாப்பிட மாட்டேங்கறா.”

“யூடியூப்ல போடுங்கோப்பா, எல்லாம் ஃப்ரீயாவே இருக்கு. காசு குடுத்து லைசென்ஸ் வாங்கின ஒரே ஆள் நீங்கதான். ஒரு நிமிஷம், இருங்கோ.”

மறுமுனை அடங்கியது. அவர் பேசிக்கொண்டே இருந்தார். “ரெண்டு தடவை ஊட்டிப் பாத்துட்டேன். ஸ்பூனைத் தட்டி விடறா. முதுகுல வேற புண்ணு வராப்ல இருக்கு. நீ ஒரு தடவை வந்து உக்காந்து பாத்தா தேவலை...” பதில் வராததால் திரையைப் பார்த்தார். அழைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது.

யூடியூபில் போட்டுப் பார்த்தார். பாடலின் நடுவே விளம்பரம் ஒன்று கூச்சலிட்டது, ஜெயலக்ஷ்மிக்குப் புரைக்கேறிற்று. அதன்பின் தண்ணீருக்கும் வாய் திறக்கவில்லை. செவ்வாய் மாலை மருத்துவர் வந்து, மறுநாளும் இப்படியே இருந்தால் மூக்குவழிக் குழாய் போட வேண்டியதுதான் என்றார். பகலில் துணைக்கு வரும் பணிப்பெண் மாலதி மாஷி அவரைச் சித்தப்பா முறை வைத்து, “மேஷோமொஷாய், பிள்ளையைக் கூப்பிடுங்கள்” என்று வங்காளியில் சொல்லிவிட்டுப் போனாள். அவர் மறுபடி அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. ‘அம்மா சாப்பிடவில்லை’ என்று எழுதி அனுப்பினார். ‘வீக்கெண்ட் வரேன்’ என்று பதில் வந்தது.

புதன் காலை இணையத்தில் தேடி, ‘பாடல் உரிமம் சரிசெய்யப்படும்’ என்றிருந்த ஓர் எண்ணை அழைத்தார். இளங்குரல் ஒன்று ஹிந்தியில் பேசிற்று. “அங்கிள், டென்ஷன் மத் லீஜியே,” கவலைப்படாதீர்கள் என்றது. வெங்கடநாராயணன் எல்லாவற்றையும் சொன்னார். அவன் குறுக்கிடாமல் கேட்டான். கேட்டு முடித்ததும், ஆன்ட்டி இன்று காலையிலாவது ஏதேனும் சாப்பிட்டார்களா என்று விசாரித்தான். இந்த மூன்று நாட்களில் கைப்பேசியில் அதைக் கேட்டவன் உறவற்ற இவன் ஒருவன்தான். உறவுள்ளவன் கேட்கவே இல்லை.

பிறகு, உரிமத்தைப் புதுப்பிக்க வங்கி அட்டையின் எண் வேண்டும் என்றான்.

வெங்கடநாராயணனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. முப்பத்திமூன்று ஆண்டுகள் வங்கி அதிகாரியாக இருந்து, இப்படி எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று எத்தனையோ பேரை எச்சரித்தவர் அவர். ஆனால், “உங்களுக்கெதுக்குப்பா சிரமம்” என்று சொல்லி, வங்கியின் ஓடிபி யாவும் தன் கைப்பேசிக்கே வரும்படி மகன் மாற்றி வைத்திருந்தது அவருக்கு நினைவு வந்தது. அட்டை எண்ணையும் அவன் கேட்ட மற்ற விவரங்களையும் நிறுத்தி நிதானமாகப் படித்தார். பின்பு இணைப்பைத் துண்டித்து, சில நிமிடங்கள் பொறுத்து, வங்கியை அழைத்து அட்டையை முடக்கினார். அது விவேகமான செயல் அன்று. எவரும் பின்பற்றத் தக்கதும் அன்று.

ஐம்பதாவது நிமிடம் குருபிரசாத் மூச்சிரைக்க வாசலில் நின்றான்.

“யார்கிட்டப்பா கார்டு நம்பர் குடுத்தேள்? ஓடிபி மேல ஓடிபியா வரது! நீங்க பேங்க்ல இருந்தவர்தானே?”

“கார்டை முடக்கிட்டேன். ஒண்ணும் போகலை. உக்காரு.”

“தெரிஞ்சுண்டேவா குடுத்தேள்?”

“தெரிஞ்சுண்டேதான். அந்தத் திருடன்கூட அம்மா சாப்பிட்டாளான்னு கேட்டான். அம்மா சாப்பிடலேன்னு மூணு நாளா சொன்னேன், நீ வரலை. ஓடிபி வந்துது, வந்துட்டே.”

குருபிரசாத் கட்டிலைப் பார்த்தான். தாயின் உதடுகள் வெடித்திருந்தன.

அவன் கணினியின் முன் அமர்ந்தான். நீக்கியவற்றையெல்லாம் அந்தத் துப்புரவுச் செயலி ஓரிடத்தில் ஒதுக்கி வைத்திருந்தது. அவற்றினின்று உரிமக் கோப்புறையை மீட்டு, உரிய இடத்தில் வைத்து, கணினியை அணைத்துத் திறந்தான். இனிப் பாடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து உரிமத்தை உறுதிசெய்ய வேண்டும். முதல் பாடலைச் சொடுக்கினான். தம்புரா ஒலித்தது.

ஜெயலக்ஷ்மியின் தாடை மெல்லத் தளர்ந்தது. குருபிரசாத் எழுந்து கரண்டியை எடுத்தான்.

“அரை ஸ்பூன் போறும். முழுங்கினதைப் பாத்துட்டு அடுத்ததைக் குடு” என்றார் வெங்கடநாராயணன்.

ஆறு வாய் இறங்கிற்று. அதற்குள் பாட்டு முடிந்தது.

“இனிமே இப்படியெல்லாம் பண்ணாதீங்கோப்பா. அம்மா சாப்பிடலேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ, ஓடி வரேன்.”

“சொன்னேனே.”

குருபிரசாத் தலை குனிந்தான். “சொன்னேள். நான்தான் கேக்கலை. திருடனுக்குக்கூட கேக்க நேரம் இருந்தது. பணம் போறதுன்னா ஐம்பது நிமிஷத்துல வரத் தெரிஞ்ச பிள்ளைக்கு, பெத்தவ பசியோட கிடக்கான்னா வரத் தெரியலைன்னா, கெட்டது பாட்டோட லைசென்ஸ் இல்லைப்பா. பிள்ளைன்னு சொல்லிக்கற என்னோட உரிமைதான்.”

வெங்கடநாராயணன் அடுத்த பாடலைச் சொடுக்குமாறு கையால் காட்டினார். இன்னும் நாற்பத்தொன்று இருந்தன.