சிப்பியின் வைட்டமின்

மூன்று வாரமாக நான் என் புருஷன் ரெக்சனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் ஒரு துண்டு கருவாடு. எங்கள் பூனை சிப்பிக்குச் சிறுநீரகம் பழுது. உப்பு ஆகவே ஆகாது என்று டாக்டர் தலையில் அடித்துச் சொல்லியிருந்தும், துறைமுக வேலை முடிந்து வந்த மனுஷன் அது கெஞ்சியதும் இளகிப்போய்ப் போட்டுவிட்டார்.

"ஒரே ஒரு துண்டுதாம்ளா."

"அவளக் கொல்லுததுக்கு அது போதும்," என்றேன்.

நான் அப்படியா? தினமும் காலையில் சலைன் பாட்டிலை வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, சிப்பியின் தோள்பட்டைத் தோலைத் தூக்கி, ஊசி குத்தி நூறு மில்லி இறக்குவேன். அடுத்து வைட்டமின் மருந்து. முதலில் முகர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

இன்று ரத்தப் பரிசோதனை. தெம்பாகத்தான் போனேன், ரெக்சனும் கூட வந்தார். டாக்டர் ஈவாஞ்சலின் தாளைப் பார்த்தார்.

"கிரியாட்டினின் ரொம்ப ஏறியிருக்கே. கிட்னி இன்னும் மோசமாயிருக்கு."

நான் ரெக்சனை முறைத்தேன்.

"அதுக்கப்புறம் நான் ஒண்ணும் குடுக்கல டாக்டர்," என்றார் அவர்.

"வைட்டமின் எப்படிம்மா குடுக்கீங்க?"

"கஞ்சித்தண்ணில கலந்து, மேல ரெண்டு சிட்டிகை மாசித்தூள். நக்கித் தீத்துருவா." பெருமையாகத்தான் சொன்னேன்.

டாக்டர் என்னையே பார்த்தார். "மாசின்னா என்னதும்மா? சூரை மீன உப்புல அவிச்சுக் காயப்போட்டதுதான?"

எங்கள் வீட்டில் மாசி மீன் கணக்கில் வராது. மசாலா டப்பாவில் சீரகத்துக்குப் பக்கத்தில் கிடக்கும், சம்பலுக்குத் தூவுவோம். கருவாட்டுப் பானையை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் ஒளித்து வைத்தவள் நான். மசாலா டப்பாவை ஒளிக்க யாருக்குத் தோன்றும்? மூன்று வாரம் தினமும், என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

"இனி ஒரு சிட்டிகைகூடக் கூடாது. ஒரு வாரம் பாப்போம். உறுதியா எதுவும் சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து சலைனை எடுத்தேன். தோலைத் தூக்கியும் ஊசி குத்த மனம் வரவில்லை. ரெக்சன் வாங்கி அவரே ஏற்றினார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சலைன் இறங்கியதும் சிப்பி எழுந்தாள். அடுத்தது வைட்டமின் என்று அவளுக்குத் தெரியும். நேராக அடுக்களைக்குப் போய், மசாலா டப்பாவின் முன்னால் உட்கார்ந்து, என்னைப் பார்த்துக் கத்தினாள்.