கத்தாத வாரம்

செந்தூல் அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் உஷாராணி, சனிக்கிழமை தமிழ்ப்பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்திலிருந்து ஒரு சபதத்தோடு திரும்பினாள். இனி மகளைப் பார்த்துக் கத்தப்போவதில்லை. கோபம் வந்தால் மூச்சை இழுத்துவிட்டு, மண்டியிட்டு, பிள்ளையின் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமாம்.

“ஒரு வாரம் தாங்குமா?” என்று கேட்டான் கணவன் விமலன்.

“பாருங்க லா.”

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு எட்டு வயது ஜனனி ஒரு காலுறையை அணிந்துகொண்டு, மற்றதைக் கையில் மாட்டிப் பொம்மைபோலப் பேசவைத்துக்கொண்டிருந்தாள். உஷாராணி மூச்சை இழுத்தாள். மண்டியிட்டாள். முழங்கால் மளுக்கென்றது.

“அம்மா, நீங்க ஓகேதானே?” என்று பயந்துபோய்க் கேட்டாள் ஜனனி.

செவ்வாய்க்கிழமை மாலை மேல்வீட்டு இராஜம்மா கதவைத் தட்டினார். “ரெண்டு நாளா உங்க வீட்டுல சத்தமே இல்லையே உஷா! நீ ‘ஜனனீ’ன்னு கத்தினாத்தான் என் மகன் எழுந்திருப்பான். ரெண்டு நாளும் வேலைக்கு லேட்டு!”

விமலன் சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குள் ஓடினான்.

புதன்கிழமை காலை மைலோ பானம் கவிழ்ந்து ஜனனியின் வெள்ளைப் பள்ளிச் சட்டையெல்லாம் வழிந்தது. தொண்டை வரை வந்ததை உஷாராணி விழுங்கினாள். மறுபடியும் மண்டியிட்டாள்.

“ஏன்மா தினமும் கிளம்ப இவ்ளோ நேரம்?”

ஜனனி நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தாள். “வேன்ல போகப் பிடிக்கல. பின் சீட்டு அக்காங்க என் ஓட்டைப் பல்லைப் பாத்துச் சிரிக்கிறாங்க.”

“அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனே. நீங்க கத்திக்கிட்டிருந்தீங்க. கேக்கல.”

உஷாராணி மகளை இழுத்து அணைத்துக்கொண்டதில் அவளது சட்டையிலும் மைலோ ஒட்டியது.

அன்று அவளே கீழே இறங்கிப்போய், பள்ளி வேன் ஓட்டும் ஜெயராஜிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“முன்னாடியே சொல்லக்கூடாதாக்கா? இனி பாப்பா முன் சீட்டு. பெரிய பிள்ளைங்ககிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே ஜனனி காலணியோடு வாசலில் நின்றாள். உஷாராணிக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

அது மாலை வரைதான் நீடித்தது. அம்மா இப்போதெல்லாம் காதுகொடுத்துக் கேட்கிறாள் என்று கண்டுகொண்ட ஜனனி, சமையலறைக்கு வந்து, காணாமல்போன தன் அழிப்பானின் கதையைத் தொடங்கினாள். யார் கடன் வாங்கினார்கள், யார் இல்லை என்றார்கள், டீச்சர் என்ன சொன்னார், நடுவில் கேண்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் தீர்ந்துபோனது எப்படி என்று அது போய்க்கொண்டே இருந்தது. உஷாராணி கத்தரிக்காயைப் பார்த்தபடி “ம்” கொட்டினாள்.

“அம்மா, என்னைப் பாத்துக் கேளுங்க.”

அவள் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்து விமலன் வேலை முடிந்து வந்து, “தேத்தண்ணி கிடைக்குமா?” என்றான்.

உஷாராணி திரும்பாமலே கையைக் காட்டினாள்.

“இருங்க. அழிப்பான் இன்னும் கிடைக்கல.”