ஏழாம் துளை, நான்காம் பெட்டி

நவம்பர் 12, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மாலை நிலவியல் வகுப்புக்குப் படம் வரைவதற்காக ஏழாம் துளையின் மூன்றாம் பெட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவினேன். தூசியோடு சேர்ந்து கல்லின் மேலிருந்த அம்புக்குறிகளும் போய்விட்டன. மெழுகுப் பென்சில் என்று நினைத்தேன். வெறும் சாக்பீஸ்.

இந்த நோட்டை வகுப்பில் யாரும் வாங்கிப் படிக்கலாம் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். எங்கள் குவாரியில் சுண்ணாம்புப் பாறையைத் துளைத்து, உள்ளே இருப்பதை உருளை உருளையாக வெளியே எடுப்பார்கள். அதுதான் கோர். மேலே முதல் நான்கு மீட்டர் வெறும் மண், அதைப் பெட்டியில் வைப்பதில்லை. ஒரு பெட்டிக்கு நான்கு வரிசை, வரிசைக்கு ஒரு மீட்டர். புத்தகம் படிப்பது போல இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் பூமிக்குள் கீழே இருந்த பக்கத்தைக் காட்டி ஓர் அம்பு போட வேண்டும். அம்பு போய்விட்டால் கல் நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. இந்தக் கோர்கள் இருக்கும் கிடங்கைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

நெட்டை எட்டிப் பார்த்தார். என் அண்ணன் போன பிறகு அவர் ஓட்டிய துளை மெஷினுக்கு வந்தவர். உயரத்தால் எல்லோருக்கும் நெட்டை.

"கல்லுக்குக் குளியல் முடிஞ்சுதா? அப்படியே பவுடரும் போட்டு விட்டுடும்மா, பாவம்."

"அம்பெல்லாம் அழிஞ்சு போச்சு. நீங்க வேற."

"சீக்கிரம் போட்டு வை. வியாழக்கிழமை காலையில அந்த பெஞ்சுக்குதான் மெஷினை ஏத்தறேன். எல்லாம் உன் பெட்டியை நம்பித்தான்."

பெஞ்ச் என்பது குவாரிச் சுவரில் படி மாதிரி வெட்டியிருக்கும் தட்டு. ஏழாம் துளை போட்ட அந்த பெஞ்சின் மறுபாதியில்தான் போன மழைக்காலத்தில் பாறை சரிந்தது. அண்ணனும் மெஷினும் அதோடு போனார்கள்.

வகுப்புக் குறிப்பு முப்பத்தொன்றாம் பக்கத்தில் வழி இருந்தது. கல்லுக்குள் மூடிய சிப்பிகள் இருக்கும். அவை கடலடியில் கிடந்தபோது முதலில் பாதி அளவுக்குச் சேறு இறங்கியிருக்கும். மிச்ச இடத்தில் பிற்பாடு வெள்ளைப் படிகம் வளர்ந்திருக்கும். பாதி குடித்த டம்ளர் மாதிரி. சேறு இருக்கும் பக்கம்தான் கீழ். மூன்றாம் பெட்டியில் பதினொரு சிப்பி கிடைத்தது. பதினொன்றையும் பார்த்து அம்புகளைத் திரும்பப் போட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். சரியாகப் போட்டேனா என்ற சந்தேகத்தில், ஒப்பிட்டுப் பார்க்க நான்காம் பெட்டியைத் திறந்தேன். அதில் அம்புகள் அழியாமல் இருந்தன. ஒன்பது சிப்பி. தலைப் பக்கம் இருக்க வேண்டிய சேறு ஒன்பதிலும் அம்பின் வால் பக்கம். எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்து மூன்று முறை எண்ணினேன்.

அப்போது பின்னால் டக், டக் என்றது. ஈரக் கல் காயும்போது சத்தம் போடும் என்று குறிப்பில் இருக்கிறது. இரண்டிரண்டாகப் போடும் என்று இல்லை. அண்ணன் எந்த அறைக்குள் வந்தாலும் ஸ்பானரால் கதவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வருவார்.

நவம்பர் 13, புதன்

இந்தப் பக்கத்தை வகுப்பில் காட்ட மாட்டேன்.

அண்ணன் போடும் அம்பு ஒரே இழுப்பு, தலையில் ஒரு கீறல். நான் போடுவது பள்ளிக்கூடப் படம் மாதிரி, முக்கோணத் தலைக்குள் நிறம் அடித்து. நான்காம் பெட்டியில் இருப்பவை எல்லாம் முக்கோணத் தலைகள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பதினாறு மீட்டரிலிருந்து இருபது வரை எடுத்த கல்லை அண்ணன் நீள மேசையில் வரிசையாக வைத்திருந்தார். மேல் முனை அவருக்கு இடப்பக்கம். "நீ பெட்டியில அடுக்கு, நான் மெஷினை நிறுத்திட்டு வந்துடறேன்" என்று போனார். நான் நின்றது மேசைக்கு எதிர்ப்பக்கம். புத்தகம் மாதிரி இடமிருந்து என்று மனப்பாடம் செய்திருந்ததால், என் இடக்கைப் பக்கத்திலிருந்து, அதாவது அடி முனையிலிருந்து, எடுத்து அடுக்கினேன். அம்பும் போட்டேன். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

பெட்டியின் கடைசி வரிசையில் ஒரு களிமண் துண்டு இருக்கிறது. மற்றதெல்லாம் கல். சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கு நடுவே களிமண் படிந்து கிடந்தால், அது நனைந்ததும் மேலே இருப்பது வழுக்கும். எங்கள் அடுக்குகளோ குவாரிக் குழியைப் பார்த்துச் சாய்ந்தவை. அண்ணன் திரும்பி வந்ததும் அந்தத் துண்டில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தார்.

"இது எத்தனை மீட்டர்ல வருது?"

"பத்தொன்பது அறுபது."

"அப்ப பெஞ்சோட அடிக்கும் கீழ போயிடுச்சு. பயமில்ல."

பெஞ்சின் அடி பதினெட்டு மீட்டர். பெட்டியைத் திருப்பிக் கணக்குப் போட்டால் களிமண் பதினாறு நாற்பதில் வருகிறது. காகிதத்தில் நான்கு முறை போட்டேன். சுவருக்குள்ளேயேதான் அது இருந்திருக்கிறது, அடிக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேலே.

களிமண் காய்ந்து சுருங்கிவிட்டது. விரல் பதிந்த பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது, ரேகையோடு. என் விரலை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். உள்ளே வைக்கத் தைரியம் வரவில்லை. டக், டக். இன்று எந்தக் கல்லும் ஈரமாக இல்லை.

சரிந்த இடத்தில் கிடந்த சேறு மேலிருந்து வழிந்து வந்தது என்றும், மெஷினை விளிம்புக்கு மிக அருகில் நிறுத்தியது இயக்கியவரின் கவனக்குறைவு என்றும் விபத்து அறிக்கை சொன்னது. கவனக்குறைவு என்ற அந்த ஒரு வார்த்தையை எடுக்கச் சொல்லி அண்ணி ஆறு மனு எழுதியிருக்கிறார். பிரதியெல்லாம் பிளாஸ்டிக் உறையில் பீரோவுக்கு மேல் இருக்கிறது.

சாயங்காலம் வகுப்புக்குப் போகவில்லை. அண்ணி மறுநாள் வேலைக்குப் போட்டுப்போகும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அண்ணன் மேல தப்பில்ல."

"இதைச் சொல்லத்தான் கிளாஸுக்கு மட்டம் போட்டியா? எனக்குத் தெரியாதாக்கும்."

"என் மேலதான் தப்பு."

அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றது. டம்ளரில் பாதித் தண்ணீர் பிடித்து வந்து சிப்பியை விளக்கினேன். மேசை, எதிர்ப்பக்கம், இடக்கை எல்லாவற்றையும் சொன்னேன். "இன்னொரு தடவை சொல்லு" என்றார். சொன்னேன்.

"எத்தனை மீட்டர்னு அவர் உங்கிட்ட கேட்டாரா?"

"கேட்டார்."

"நீ சொன்னதை நம்பிட்டாரு."

"ஆமா."

ஏற்கெனவே தேய்த்த காலரை மறுபடியும் தேய்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு அங்க யாரு ஏறப்போறது?"

"நெட்டை."

"அவருக்கு வீட்ல யார் யார்?"

"அம்மா. ரெண்டு பொண்ணு."

"அப்புறம் எங்கிட்ட எதுக்குடி முதல்ல வந்து நிக்கற? போடு போனை."

போட்டேன். நெட்டை எடுத்தார். நாளைக்கு மெஷினை ஏற்ற வேண்டாம் என்றேன்.

"ஏன், கல்லு எதுவும் கனவுல வந்துச்சா?"

"களிமண் பெஞ்சுக்குக் கீழ இல்ல. சுவத்துக்குள்ள இருக்கு. நான் பெட்டியைத் தலைகீழா அடுக்கிட்டேன்."

"உங்க அண்ணன் விஷயமும்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, "மேனேஜர் ஏத்துன்னா நான் ஏத்தித்தான் ஆகணும். எழுத்துல குடும்மா, ஏழு மணிக்கு முன்னால" என்றார்.

அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நாற்காலியில் ஏறி அந்த உறையை எடுத்தார். என்னிடம் நீட்டவில்லை. மேசையில் வைத்தார்.

"இதையும் எடுத்துட்டுப் போ."

சூடு ஆறுகிற இரும்பு சத்தம் போட்டது. டக், டக். அண்ணி கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேருமே போய்த் திறக்கவில்லை.

நாளை, வியாழன்: காலை ஆறரைக்கு நான்காம் பெட்டியை மேனேஜர் மேசையில் வைக்க வேண்டும். களிமண் துண்டைக் கழுவக் கூடாது, துடைக்கவும் கூடாது. கடிதத்தில் பதினாறு மீட்டர் நாற்பது என்று எழுத வேண்டும். அடுக்கியது யார் என்ற இடத்தில் என் பெயர்.